பேய் இல்லாத ஜப்பான் பதிப்பு

ஒசூர் இதுவரை உலகுக்கு உதிரிபாகங்களையும் ரோஜாப்பூக்களையும்தான் அனுப்பியிருக்கிறது என்று நினைப்பவர்கள் தங்கள் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒசூர் ஒரு பேயையும் ஏற்றுமதி செய்திருக்கிறது.

அந்தப் பேயை எழுதியவர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டி ஓய்வுபெற்றவர். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த அவருடைய நாவலில் அன்புமணி என்ற தொழிலாளி மெஷினில் மாட்டிச் சாகிறான். பேயாகி, வருகைப் பதிவேட்டில் தன் பெயரைத் தேடுகிறான். உண்மையிலும் அன்புமணி அவருக்குப் பக்கத்து மெஷின்காரர். செத்த அன்று அன்புமணி வேலைக்கே வரவில்லை என்கிறது கம்பெனி ஆவணம். அவர் வந்தார் என்று சொல்லும் ஒரே அச்செழுத்து இந்த நாவல்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பரிசளிக்க அதை மொழிபெயர்ப்பதென்று கம்பெனி தீர்மானித்தது. யாரும் அதைப் படித்திருக்கவில்லை என்பதால் முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டது.

பிறகு தர மேலாளர் சௌந்தரராஜன் படித்தார். ஜெர்மன் பதிப்பில் மெஷினுக்குப் பாதுகாப்புக் கூண்டு பொருத்தப்பட்டது. கொரியப் பதிப்பில் அன்புமணிக்கு ஹெல்மெட் வழங்கப்பட்டது. அப்படியும் அவன் செத்தான். இது கடுங்குறை எனக் குறிக்கப்பட்டது.

"எதை வேணும்னாலும் மாத்திக்கிடுங்க சார். அவன் பேரை மட்டும் விட்டுருங்க" என்றார் சுடலைமுத்து.

எந்தக் குறைக்கும் ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலகாரணம் காண வேண்டும் என்பது கம்பெனியின் புனித விதி. ஜப்பான் பதிப்புக்காக, சுடலைமுத்துவையும் அழைத்துக் கூட்டம் கூடியது. தரப்பிரிவு உதவியாளர் ஜெயப்ரியா குறிப்பெடுத்தார்.

"பேய் ஏன் வருது?" என்று தொடங்கினார் சௌந்தரராஜன்.

"ஆள் செத்துட்டான் சார்" என்றார் சுடலைமுத்து.

"ஏன் செத்தான்?"

"கை மாட்டிக்கிட்டு."

"ஏன் மாட்டுச்சு?"

"கூண்டைக் கழட்டி வச்சிருந்தாங்க."

"ஜெர்மன்காரங்களுக்கு மாட்டினோமே?"

"புஸ்தகத்துலதான சார் மாட்டுனீங்க."

ஜெயப்ரியா இருமினார்.

"சரி, ஏன் கழட்டுனாங்க?"

"கூண்டு இருந்தா மணிக்கு நானூறு பீஸ். இல்லன்னா அறுநூறு."

சௌந்தரராஜன் தண்ணீர் குடித்தார். ஏசியைக் கூட்டச் சொன்னார்.

"அஞ்சாவது ஏன் பாக்கி இருக்கு சார்" என்றார் சுடலைமுத்து. "அறுநூறு ஏன்னு கேளுங்க. இல்ல, நானே சொல்லட்டுமா? அன்னிக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசர் நீங்கதான."



"சார், மூலகாரணம் என்னன்னு எழுதறது?" என்று மெதுவாகக் கேட்டார் ஜெயப்ரியா.

"எழுத்தாளர்னு போடும்மா. நடவடிக்கை, நீக்கப்பட்டார். பேயையும் சேர்த்துக்க."

ஜப்பான் பதிப்பு வழவழப்பான தாளில் வந்தது. அதில் அன்புமணி இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. மெஷின்களுக்கு ஆயுதபூஜை நடக்கும் அத்தியாயம் மட்டும் வண்ணப்படங்களுடன் இருந்தது. இந்த நாவலைப் படித்துப் பயந்ததாக எந்த வெளிநாட்டு வாசகரும் இன்றுவரை எழுதவில்லை. படித்துப் பயந்தவர்கள் ஒசூரில் இருந்தார்கள். அவர்கள்தான் பதிப்பாளர்கள்.