சோதனைச் சாவடியில் ஒரு பிஸ்கட் படம்

"என்ர ஐ.சி.யைக் கண்டனீரோ?"

விவேகானந்தன் கால்சட்டையின் ஒரு காலை மட்டும் மாட்டிக்கொண்டு, வீடெங்கும் நொண்டியபடி அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்கட சேட்டுப் பொக்கற்றுக்குள்ளதானே எப்பவும் கிடக்கும்?" என்றாள் சத்தியபாமா குசினியில் சமைத்தபடியே.

"கிடந்தால் ஏனப்பா உம்மட்டைக் கேக்கிறன்?"

சண்டை நடக்கிற காலம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் சப்பாத்து இல்லாமல்கூடக் கண்டி நகருக்குள் போய்விடலாம், அடையாள அட்டை இல்லாமல் போக முடியாது. அவர் வேலை பார்க்கும் அரசாங்கக் கச்சேரிக்கோ அன்று கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். லீவு என்று வாயைத் திறந்தால் போச்சு.

அலுமாரி கவிழ்ந்தது. மெத்தை எழும்பி நின்றது. கடைசியில் கோகுலனின் படப் பெட்டியில் கை வைத்தார். அங்கேதான் வினை.

கோகுலனுக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஓட்டிசம் என்று சொன்ன பேராதனை டாக்டரம்மா, கத்தி அழுவதற்குப் பதிலாகப் படத்தைக் கொடுத்துக் கேட்கப் பழக்கச் சொன்னார். பிஸ்கட் படத்தைக் கையில் வைத்தால் பிஸ்கட். தண்ணீர்ப் படத்தை வைத்தால் தண்ணீர். கேட்டதை உடனே கொடுத்துவிட வேண்டும், வியாக்கியானம் கூடாது. எல்லாப் படத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு றம்லத் அக்காவுக்கும் இந்தப் பாஷை அத்துப்படி.

பெட்டிக்குள் அம்மா படமும் உண்டு, அதை அடிக்கடி நீட்டுவான். அப்பா படமும் உண்டு. ஸ்டூடியோவுக்குப் போய், இரவல் டை கட்டி, பல் தெரியச் சிரித்து எடுத்த படம். அதை மட்டும் அவன் தொட்டதே இல்லை.

"இப்பிடிச் சிரிக்கிற ஆளை அவன் வீட்டில எப்ப கண்டவன்?" என்று சத்தியபாமா பகிடி விட்டாள். விவேகானந்தனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வேலையால் வீடு வந்ததும் முதல் வேலையாக அந்தப் படம் இடம் மாறியிருக்கிறதா என்று பெட்டியை எட்டிப் பார்ப்பார். 'அப்பா' என்று அவன் கூப்பிடுவான் என்ற ஆசையைக் கைவிட்டாயிற்று. படத்தையாவது ஒரு தரம், ஒரேயொரு தரம் யாரிடமாவது நீட்டமாட்டானா என்று மனம் ஏங்கிக் கிடந்தது.

பெட்டியை அவர் கவிழ்த்ததும் படங்களின் ஒழுங்கு குலைந்தது. கோகுலன் காதுகளைப் பொத்திக்கொண்டு வீடதிர அலறினான்.

"என்ன வேலை செய்து போட்டியள்!" என்று சத்தியபாமா ஓடி வந்தாள்.

அதற்குள் அவன் படியிறங்கி றம்லத் அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டான். சமாதானப்படுத்தலாம் என்று விவேகானந்தன் படங்களைப் பொறுக்கினார். தெருவில் பஸ் ஹோர்ன் அடித்தது. பொறுக்கியதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார்.

"ஐ.சி. இல்லாமலோ?"

"கச்சேரி அட்டை கிடக்குது. சமாளிப்பன்."

சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். விவேகானந்தன் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறை தட்டுப்பட்டதும் கச்சேரி அட்டைதான் என்று மரியாதையோடு எடுத்து நீட்டினார்.

கான்ஸ்டபிள் முன்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தான். பிஸ்கட்தான்.

விவேகானந்தன் பதறிப்போய் அடுத்ததை நீட்டினார். அது கக்கூஸ். அதற்கடுத்தது வாழைப்பழம்.

"என்ன இது?" என்று சிங்களத்தில் அதட்டினான் கான்ஸ்டபிள்.

"என் மகன் இதாலதான் பேசுவான், மஹத்தயா."

"யாரோட?"

அதன் பிறகு கச்சேரி அட்டையைக் கண்டெடுத்துக் காட்டியும் பயனில்லை. வாழைப்பழம் எதற்குச் சங்கேதம் என்று தெரியும்வரை விடமாட்டோம் என்று பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்தினார்கள்.

கச்சேரியில் பொழிந்து தள்ளுகிற சிங்களம் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. அவர் விளக்க விளக்க எதிரில் இருந்தவர்களின் முகம் இறுகியது. எழும்பி மேசையை உதைத்து, கூரையதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. பிள்ளை ஒவ்வொரு நாளும் இந்த வாங்கில்தானே இருக்கிறான் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

தொண்டை வறண்டது. வேறு வழி தெரியவில்லை. பையிலிருந்து தண்ணீர்ப் படத்தை எடுத்து, பக்கத்தில் நின்ற சார்ஜன்ட்டின் கையில் வைத்தார்.

சார்ஜன்ட் படத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பேசாமல் போய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டு வந்தார். மத்தியானம் கக்கூஸ் படமும் அதே மாதிரி வேலை செய்தது. டாக்டரம்மா கெட்டிக்காரிதான்.

செய்தி கேட்டுச் சத்தியபாமா கச்சேரிக்கு ஓடி, தலைமை எழுதுவினைஞரைக் கூட்டிவந்து, கணவர் இன்னாரென்று சொல்லவைத்து மீட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

றம்லத் அக்காவின் பாயில் கோகுலன் அழுது வீங்கிய முகத்தோடு தூங்கிப்போயிருந்தான். அக்காவின் கையில், சிரிக்காத முகப் படத்தோடு அந்த அடையாள அட்டை.

விவேகானந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவன்தான் எடுத்தவனோ? அக்கா, இவன்ர விளையாட்டால நான் நாள் முழுக்கப் பொலிஸில கிடந்தன்!"

"வெளையாட்டா?" என்றாள் றம்லத் அக்கா. "நீங்க போன நேரத்துல இருந்து புள்ள இதத்தான் கொண்டு வந்து கொண்டு வந்து என் கையில வெக்கிது. பிஸ்கட் குடுத்தேன், வீசினான். தண்ணி குடுத்தேன், தட்டி விட்டான். பிஸ்கட்டக் கேட்டா குடுக்கலாம் தம்பி, ஒங்களக் கேட்டா நான் எங்க போய் எடுத்துக் குடுக்க?"