பொது நாணயம் வேண்டவே வேண்டாம்

உலகமே ஒரே பணத்துக்கு மாறினாலும் சரி, நான் எதிர்ப்பேன். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து, கை நிறைய கிரீஸோடு எடுத்த முடிவு இது. லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு எதுக்குய்யா பொருளாதாரம் என்பீர்கள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன!

என் மனைவி வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் எட்டு வருஷம். இந்த வருஷம் ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவாள் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மாதாமாதம் அந்த ஊர்ப் பணம் அனுப்புவாள். அதை நம் பணமாக மாற்றி, செலவு போக மிச்சத்தை மகள் பேரில் போடுவது என் வேலை. ஒன்றுக்கு இருபத்திரண்டு கிடைக்கும். அவளிடம் இருபது என்பேன். அந்த ரெண்டு எனக்கு. சீட்டாட்டத்துக்கு, தலைச்சாயத்துக்கு. திருட்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எட்டு வருஷம் ஒண்டியாகக் கிடந்தவனுக்கு எவன் சம்பளம் கொடுத்தான்?

இப்போது அந்த நாடும் நம் நாடும் சேர்ந்து ஒரே பணம் அச்சடிக்கப் பேசுகிறார்களாம். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பேசினால், அவள் போனிலேயே குதித்தாள்.

"ஏங்க, நல்லதுதானே? மாத்துற வேலையே இல்ல!"

"என்னடி நல்லது? நம்ம நாட்டு மானம் என்ன ஆவறது? அங்க ஒருத்தன் தும்மினா இங்க விலைவாசி எகிறும்!"

"அடேங்கப்பா! இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"பேப்பர்லதான்."

"ரேட்டும் அதே பேப்பர்லதாங்க போடறான்."



"உனக்குத் தெரியுமா?"

"முதல் மாசத்துலேர்ந்து."

"அப்ப ஏன்டி கேக்கல?"

"கேட்டா சண்டைதான் வரும். அதான் நானும் சம்பளத்தைக் குறைச்சுச் சொல்லிட்டேன்."

"எவ்ளோ?"

"பாதி."

பாதி! பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எந்த முகத்தோடு கத்துவது?

"அந்தப் பணமெல்லாம் எங்க?"

"இங்க சின்னதா ஒரு வீடு வாங்கிட்டேன். பாப்பாவுக்குப் பக்கத்துலயே காலேஜ். அடுத்த மாசம் கிளம்பறா."

பாப்பா எங்கள் ஒரே மகள். பக்கத்து அறையில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆக, எனக்கு மட்டும்தான் தெரியாது.

"நீ திரும்பி வர மாட்டியா?"

"வந்து?"



"அப்ப நான்?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"பாப்பாவை ஏர்போர்ட்ல விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. டாக்சிக் காசை மட்டும் நீங்க எடுத்த அந்த ரெண்டுலேர்ந்து போட்டுக்கோங்க."