ஹைதராபாத் வழியாக ஒரு காதுகுத்து

பெங்களூரிலிருந்து விழுப்புரம் வர வேண்டும் என்றால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறவேண்டும். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை எல்லாம் தூக்கத்திலேயே போய்விடும். விடிகிற நேரத்துக்குக் கண்டக்டர் தட்டி எழுப்புவார். இறங்கி டீ குடிக்கலாம். காலங்காலமாக எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். ஹைதராபாத் வழியாக வந்தவன் மனித வரலாற்றிலேயே நான் ஒருவன்தான்.

எல்லாம் பாயிண்ட் செய்த வேலை.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். செலவு செய்யச் செய்யப் பாயிண்ட் ஏறும், பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட் சும்மா கிடைக்கும் என்றார்கள். தெருவில் போகிறவன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டை கட்டியவர் சொன்னதால் நம்பினேன். என் ஒருவன் செலவு போதவில்லை, ஆகவே ஊரார் செலவையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அக்கா வீட்டுக்காரர் விழுப்புரம் பக்கத்துக் காணையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் வாங்கியது என் கார்டில். திண்டிவனத்தில் மினி லாரி ஓட்டும் என் பெரியம்மா மகன் குமரேசன் டயர் மாற்றியது என் கார்டில். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது நானாகவே கூடப் போனேன். (அவர் கூப்பிடவே இல்லை.)

"ஊரான் பில்லயெல்லாம் நீ ஏன்டா கட்டிக்கினு இருக்கே?" என்றார் அப்பா.

"பாயிண்ட் வரும்பா."

"வந்து?"

"பிளேன்ல ஃப்ரீயா போலாம்."

"எங்க போவணும் உனக்கு?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. போகவேண்டிய இடத்தை அக்காதான் சொன்னாள். அவள் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. காணைக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன். அவள் ஓரகத்திக்கோ நான்கு அண்ணன்கள். அவள் பிள்ளைக்குக் காது குத்தியபோது நான்கு பேரும் மேளதாளத்தோடு வந்து இறங்கினார்களாம். அக்கா இதைப் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

"டேய், மொதநாளே வந்துடு. அந்த வூட்ல எனக்குன்னு சொல்லிக்க நீ ஒருத்தன்தான்டா."

"பிளேன்லயே வர்றேன்க்கா, பாரு" என்றேன்.

பெங்களூரிலிருந்து சென்னைக்கு நேராகப் போகும் விமானத்தில் பாயிண்டுக்கு சீட் இல்லை. ஹைதராபாத் போய் மாறி ஏறினால் இருந்தது. இதைத் தடையாக நினைக்கவில்லை, இரண்டு விமானம் கிடைத்த அதிர்ஷ்டமாக நினைத்தேன். சென்னையில் ராத்திரி தங்க, ஓட்டல்காரர்கள் தரும் வேறொரு பாயிண்டில் ஒரு அறையும் போட்டேன். காலை டிபன் இலவசம். அதை முடித்துக்கொண்டு காரில் கிளம்பினால் நல்ல நேரத்துக்குக் கோயிலில் இருக்கலாம் என்பது என் கணக்கு.

விஷயத்தைக் கேட்டுவிட்டு குமரேசன், "விழுப்புரத்துக்கு ஏன்டா ஆந்திரா போற?" என்றான். (தெலங்கானா என்று திருத்தினேன். அவ்வளவு தெளிவாக இருந்தேன்.)

முதல் விமானம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஹைதராபாதில் அடுத்த விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. அங்கே லவுஞ்ச் என்று ஒன்று உண்டு. என் கார்டை வெறும் இரண்டு ரூபாய்க்குத் தேய்த்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். இரண்டு ரூபாய்க்கு எவ்வளவு தின்றால் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. பிரியாணி தட்டு நிறைய, மறுபடியும் பிரியாணி, குலாப் ஜாமூன், பக்கத்தில் இருந்தவர் தின்கிறாரே என்பதற்காகப் பெயர் தெரியாத ஏதோ ஒரு பச்சை இலை. கடைசியில் சாய்ந்துகொள்ளும் நாற்காலி ஒன்று காலியானது. யாழினிக்குப் போட வாங்கிப் பாக்கெட்டில் வைத்திருந்த கம்மல் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சாய்ந்தேன்.

லவுஞ்சுக்குள் விமான அறிவிப்பு செய்யமாட்டார்கள் என்பது நான் கண் விழித்த பிறகு தெரிந்தது. "இங்கே ஓய்வு எடுப்பவர்களைத் தொந்தரவு செய்வதில்லை சார்" என்று ஒரு பெண் அன்பாகச் சொன்னார். சென்னைக்கு அன்றைய கடைசி விமானம் அதுதான். போன பாயிண்ட் போனதுதான். சென்னை ஓட்டலில் எனக்காக விரித்த படுக்கை அப்படியே கிடந்தது. காலையில் கிளம்பும் முதல் விமானத்துக்குச் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தேன். அந்தக் காசுக்கு விழுப்புரத்துக்கும் பெங்களூருக்குமாக இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்திருக்கலாம்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டதால்தான் வந்த வினை என்று எப்படிச் சொல்வது? "ம்" என்றேன்.

மறுநாள் சென்னையில் இறங்கி பஸ் பிடித்தேன். செங்கல்பட்டில் லாரி ஏதோ மறித்துக்கொண்டு நிற்க, பஸ் ஊர்ந்தது. அங்கேயே நல்ல நேரம் முடிந்துவிட்டது. மேல்மருவத்தூர் தாண்டும்போது போன் செய்தேன், அக்கா எடுக்கவில்லை. அப்பா எடுத்து, "திண்டிவனத்துல எறங்கு, குமரேசன் நிப்பான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

குமரேசன் மினி லாரியோடு நின்றான். வாடகைக்கு எடுத்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். அப்படியானால் பந்தியே முடிந்துவிட்டது. பட்டுவேட்டி கட்டியிருந்தான். நெற்றியில் சந்தனம், தோளில் மாமனுக்குப் போர்த்துகிற துண்டு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"குத்திட்டாங்களா?" என்றேன்.

"ஒரு காது குத்தியாச்சு."

"ஒரு காதா?"

"நேரம் போய்க்கினே இருந்துது. நானும் மாமன் மொறதானே, என் மடியில வெச்சாங்க. ஒண்ணு குத்துனதும் உங்கக்கா புள்ளயத் தூக்கிக்கினா. நேரத்துக்கு ஒண்ணு குத்தியாச்சு, இன்னொண்ணு என் தம்பி வந்தப்புறந்தான்னு சொல்லிட்டா. அவ மாமியார் கத்துறாங்க, ஓரகத்தி சிரிக்கிறா, ம்ஹூம், அசைய மாட்டேன்றா. காது குத்துற பத்தரு பேஜாரா ஒக்காந்துக்கினு இருக்காரு. ஜல்தி ஏறுடா."

விழுப்புரம் வரைக்கும் எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் அத்தனை பேருக்கு நடுவில் அக்கா தனியாக நின்றிருக்கிறாள். நான் இரண்டு ரூபாய்க்குத் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

கோயிலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓரகத்தி பக்கம் திரும்பி, "வந்துட்டான் பாத்தியா" என்றாள். அவ்வளவுதான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அழுவதற்கு நேரம் இல்லை. காலையில் யாழினிக்கு ஒன்றும் தெரியாது, மிட்டாய்க்கு மயங்கிக் குமரேசன் மடியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது எல்லாம் தெரியும். பத்தரைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தாள். என் மடியில் வைத்ததும் என் கையைக் கடித்தாள். கால்களை அப்பா பிடித்துக்கொண்டார், தலையைக் குமரேசன் பிடித்தான்.

"ஆட்டாம புடிங்க! ஆட்டாம புடிங்க!" என்று பத்தர் கத்தினார். பிடித்தோம். சரியாக ஊசி இறங்குகிற நேரத்தில் தலையை ஒரு வெட்டு வெட்டினாள்.

எல்லாம் முடிந்து, ரத்தம் துடைத்து, நான் கொண்டுவந்த கம்மலை இரண்டு காதிலும் போட்டுவிட்டு பத்தர் எட்டி நின்று பார்த்தார். வலது பக்கம் தலையைச் சாய்த்தார், இடது பக்கம் சாய்த்தார். "வளர வளர சரியாப் பூடும்" என்றார்.

போகவில்லை. யாழினி இப்போது ஆறாம் வகுப்பு. இடது காது ஓட்டை நடுவில் இருக்கிறது, வலது காதில் ஒரு நெல்மணி அளவு மேலே ஏறிக் கோணலாக இருக்கிறது. ஜிமிக்கி போட்டால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் ஆடும். நகைக்கடையில் யாராவது ஏன் இப்படி என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவர் விடாமல் பதில் சொல்வார்கள். இடது காதுக்குக் குமரேசன் காது என்று பெயர். வலது காதுக்கு ஹைதராபாத் காது என்று பெயர். பள்ளிக்கூடத்து போட்டோ எடுப்பவருக்குக்கூட இது தெரியும்.

கோணலாக இருப்பதால் அந்தக் காதில் திருகாணி லேசில் ஏறாது. போன பொங்கலுக்குக் காணையில் புதுத்துணி உடுத்திக்கொண்டு எல்லோரும் கிளம்பி நிற்கிறோம். கண்ணாடி முன்னால் நின்று ஒரு கம்மலைத் தானே போட்டுக்கொண்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கழுத்தைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

"மாமா, உங்க காதை நீங்களே மாட்டிவுடுங்க."

திருகிக்கொண்டிருக்கிறேன், ஏறவில்லை. வாசலில் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் குமரேசன் ஹாரன் அடிக்கிறான். அக்கா உள்ளேயிருந்து, "அவன் மாட்டி முடிக்கட்டும், இருங்க" என்கிறாள்.