கத்தியும் கையுமாக ஒரு மர டாக்டர்

மனித குலத்தில் 'பார்த்தவுடனே சொல்கிறவர்' என்று ஓர் இனம் உண்டு. எலுமிச்சை விளைகிற ஊர்களில் இது தோட்டத்துக்கு ஒன்று வீதம் கிடைக்கும். எங்கள் ஊர்க்காரருக்கு மர டாக்டர் என்று பெயர். பட்டம் கொடுத்தது அவரேதான்.

இலை மஞ்சளா? "சத்துக் குறைவு." சுருண்டிருக்கிறதா? "சத்துக் குறைவு." மரமே செத்துவிட்டதா? "அப்பவே சொன்னேன், நீங்கதான் சத்து வைக்கல." யாராவது "விவசாய ஆபீசர்கிட்ட ஒரு இலையைக் காட்டலாமான்னு..." என்று இழுத்தால் போச்சு. "முப்பது வருஷமா மரத்தோட கிடக்கிறேன், நேத்து காலேஜ் முடிச்ச பொண்ணு வந்து சொல்லணுமா?"

இடுப்பில் எந்நேரமும் ஒரு கத்தி. அழைக்காமலே ஒரு தோட்டத்துக்குள் நுழைந்து, நோய்பிடித்த கிளையில் ஒரு சீவு சீவி, முகர்ந்து, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்று முனகி, கத்தியைத் துண்டில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, மழை ஈரம்கூடக் காயாத அடுத்த தோட்டத்து நல்ல மரத்தில், "ஆரோக்கியமான பட்டைன்னா இப்படி இருக்கணும்" என்று விளக்குவதற்காக இன்னொரு சீவு சீவுவார். எல்லாம் இலவசம்.

இந்தச் சேவை அவருடைய மைத்துனிக்கும் கிடைத்தது. அறுபது மரம். ஐந்து வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்து, இந்த முறைதான் முதல் நல்ல காய்ப்பு. இலையிலும் காயிலும் தடித்த பழுப்புப் புள்ளிகள் வந்தன.

"அத்தான், காயெல்லாம் சொரசொரன்னு இருக்கே. பயமா இருக்கு."

"சத்துக் குறைவும்மா. நான் இருக்கேன்ல?"

அவர் இருந்ததுதானே பிரச்சினை! அவர் பேச்சை நம்பி ஒரு மாதம் சும்மா இருந்தாள். பிறகு அவருக்குச் சொல்லாமல் ஆபீசரை வரவழைத்தாள். இவருக்குத்தான் மூக்கில் வேர்த்துவிடுமே, வந்து நின்றார்.

ஆபீசர் பெண் மரம் மரமாகப் பார்த்தாள். "இது சொறி நோய். ஈரத்துல, வெட்டுக்காயம் வழியா வேகமாப் பரவும். ஒரு மரத்தை வெட்டின கத்தியை மருந்துல முக்காம இன்னொண்ணுல வைக்கவே கூடாது. மோசமா இருக்கிற பதினோரு மரத்துலயும் ஒரே மாதிரி சீவின தழும்பு இருக்கு. யார் சீவினது?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த நாங்கள் எல்லோரும் மர டாக்டரைப் பார்த்தோம். வேறு ஆளாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பான். இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பார்த்தீங்களா! நோய் வரப்போற மரத்தையே கரெக்டா கண்டுபிடிச்சிருக்கேன்!"

மைத்துனி பதினோரு மரத்தையும் காயோடு வெட்டிக் கொளுத்தினாள், அழுதுகொண்டே. அவரோ பக்கத்தில் நின்று, தீயை எந்தப் பக்கம் மூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். அவரைப் போல ஒருவரை உங்களுக்கும் தெரியும், சந்தோஷம். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வாடின இலை ஒன்றை உங்களிடம் நீட்டி, "இது என்னங்க?" என்று கேட்டாரே, "தெரியாது" என்றா சொன்னீர்கள்? இல்லையா? அப்படியானால் அந்தச் செடி இருக்கிறதா என்று ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு போங்கள்.