மின்னலின் பன்னிரண்டு பட்டன்கள்

வருத்தம் தெரிவிக்கத் தட்டினால் வாரண்டி முடிந்துவிட்டது என்று வந்தது.

மின்னல் அதை அழித்தார். குனிந்து, எஃப்2 பட்டனைத் தேடிப் பிடித்து, ஆள்காட்டி விரலால் ஒரு குத்துக் குத்தினார். மறுபடியும் அதேதான். "அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்கள் மெஷினின் வாரண்டி முடிந்துவிட்டபடியால்..." புகார் எழுதிய அம்மாள் மெஷின் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மின்னல் என்பது ஆபீஸ் வைத்த பேர். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் மற்றவர்கள் ஒரு பதில் எழுதி முடிப்பதற்குள் அவர் எட்டு அனுப்பிவிடுவார். இத்தனைக்கும் அவருக்கு டைப் அடிக்க வராது. இரண்டே விரல், அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால் துழாவித்தான். அந்தக் குறையை மறைக்கத்தான் கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் பன்னிரண்டு எஃப் பட்டன்களிலும் பன்னிரண்டு பதில்களைப் போட்டு வைத்திருந்தார். தட்டினால் முழுக் கடிதமும் வந்து விழும். இரண்டாவது வருத்தம். நாலாவது, நாளை ஆள் வருவார். ஏழாவது, வாரண்டி முடிந்தது. பதினொன்றாவது ஆபீசுக்குள்ளேயே கொடுக்கிற புகார்: மின்விசிறி சத்தம், குழாய் ஒழுகல், தூசி.

ஒன்பதாவது அவருடைய சொந்த உபயோகத்துக்கு. ரத்தம் கொதிக்கிற நாட்களில் அதைத் தட்டி, ஒருமுறை படித்து, அழித்துவிட்டு, தண்ணீர் குடிப்பார். யாருக்கும் அனுப்பியதில்லை. அதில் இருந்தது இது: "துணியை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினால் மட்டும் போதாது. பட்டனை அழுத்த வேண்டும். அதையும் தானே செய்துகொள்ளும் அளவுக்கு மூளை இருந்தால் அந்த மெஷின் உங்கள் வீட்டுக்கு வந்திருக்குமா?"

கோளாறு வர வேறு நாளே கிடைக்கவில்லை. பிரிவுத் தலைவர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட அவருடைய அறை காலியாகக் கிடந்தது. மின்னலின் பட்டன் வித்தையைப் பற்றிக் கேள்விப்பட்ட பொது மேலாளர், மத்தியானம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பார்த்துப் பிடித்துப்போனால் அறை மின்னலுக்கு. இல்லையென்றால் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு.

பக்கத்து மேசைப் பெண் பத்து விரலாலும் டைப் அடிப்பவள். கண் திரையை விட்டு இறங்காது. கீபோர்டில் எழுத்துகள் அச்சடித்திருக்கின்றனவா என்பதே அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

மின்னல் பட்டன்களுக்கான புரோகிராமைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். எஃப்2-க்கு நேரே வருத்தம்தான் இருந்தது. பட்டியல் சரி, வருவது தப்பு. கணினி மெக்கானிக்குக்கு போன் போட்டார். மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனை ஆபீஸே 'அணைச்சுப்போடு' என்றுதான் கூப்பிடும்.

"அணைச்சுப் போட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல."

"அணைச்சுப் போடுங்க."

போட்டார். மறுபடியும் வாரண்டி.

"இருங்க, நான் இங்கேர்ந்தே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து பாக்குறேன்" என்றான். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவன் மாடியிலிருந்து எஃப்2 தட்டினான். வருத்தம் வந்தது. எஃப்7 தட்டினான். வாரண்டி வந்தது. "எல்லாம் கரெக்டா வருதே சார்."

"நான் தட்டினா வர மாட்டேங்குது."

"அப்ப நீங்க தட்டாதீங்க" என்று வைத்துவிட்டான்.

பக்கத்து மேசைப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "என்னண்ணே, நான் ஒரு தட்டு தட்டிப் பாக்கவா? எது வேணும்?"

"ரெண்டு."

திரையைப் பார்த்தபடியே கையை நீட்டித் தட்டினாள். வருந்துகிறோம் என்று வந்தது.

"இன்னொரு வாட்டி."

தட்டினாள். மறுபடி வருந்தியது.

"நல்லாத்தானே இருக்கு?"

"நீ என்ன பண்ணின?"

"நீங்க சொன்னதைத்தான் பண்ணினேன். பயத்துல கை நடுங்கி வேற எதையாவது அமுக்குறீங்களோ என்னவோ."

"எனக்கென்ன பயம்?" என்றார் மின்னல். அவள் நகர்ந்ததும் பட்டனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், எஃப்2 என்று வாய்விட்டுப் படித்து, தட்டினார். வாரண்டி. அவள் கை வைத்தால் பசுமாதிரி நிற்கிறது, அவர் கை வைத்தால் முட்டுகிறது. காலையில் அவருக்கு முன்னால் ஆபீசுக்கு வந்தவளும் அவள்தான். கண்ணாடி அறைக்கு ஆசைப்படுகிறவளும் அவள்தான். இரண்டையும் கூட்டி, இது அவள் வேலைதான் என்று கணக்குப் போட்ட மின்னல், இனி யாரையும் கேட்பதில்லை, தானே சரிபண்ணிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

இரண்டைத் தட்டினால் ஏழு வருகிறது. அவ்வளவுதானே? பட்டியலில் இரண்டில் இருந்ததை ஏழுக்கும், ஏழில் இருந்ததை இரண்டுக்கும் மாற்றினார். எஃப்2 தட்டினார். வருந்துகிறோம்.

மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னாச்சு? பாத்துட்டாரா?"

"மத்தியானம்தான்."

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். சித்தப்பா வீட்டுலயும் சொல்லிட்டாங்களாம்."

"இன்னும் முடிவாகல. அதுக்குள்ள எதுக்கு?"

"நீங்கதான் கதவு போட்ட ரூம்னு சொன்னீங்க. அண்ணி வயிறெரிஞ்சு போய்க் கெடக்கு. ஏடாகூடமா எதுவும் பண்ணி வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டு, இருக்கட்டும் என்று எஃப்7-ஐயும் தட்டிப் பார்த்தார். துணியை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினால் மட்டும் போதாது என்றது.

அப்படியானால் ஏழும் ஒன்பதும் மாறியிருக்கின்றன. அவற்றையும் பட்டியலில் மாற்றிப் போட்டார். இப்போது ஏழு வருந்தியது. ஒருபக்கம் இழுத்துப் போர்த்தினால் மறுபக்கம் கால் தெரிகிறது. காலையிலிருந்து புகார்கள் வேறு குவிந்து கிடந்தன. இரண்டாவதை ஏற்கெனவே சரிபண்ணியாயிற்று என்ற தைரியத்தில், முதலில் இருந்த புகாரைத் திறந்தார். ஒரு பெரியவர் எழுதியிருந்தார், மெஷின் ஓடவே மாட்டேன் என்கிறது என்று. எஃப்2 தட்டி, அனுப்பு என்பதைச் சொடுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

பெரியவருக்கு ஒன்பதாவது போய்விட்டது.

மின்னல் அதையும் அழிக்கப் பார்த்தார்; போனது போனதுதான். பிறகு, நோயாளி பிழைக்க வழியில்லை என்று தெரிந்த வைத்தியன் மருந்தைக் கூட்டுவது போல, புரோகிராமில் 'எல்லாவற்றையும் முதலிலிருந்து' என்று இருந்ததை அமுக்கினார். பன்னிரண்டும் அழிந்தன.

"அணைச்சுப் போட்டீங்களா?" என்றான் மாடிப் பையன்.

"தம்பி, எல்லாம் போச்சுப்பா."

"போகாது சார். தினமும் ஒரு காப்பி எடுத்து வைப்போம்ல. நேத்து சாயங்காலம் எப்படி இருந்துச்சோ அப்படியே போட்டுத் தரேன். அதுக்கப்புறம் தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

அவன் போட்டு முடிக்கவும் பொது மேலாளர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. தட்டிப் பார்க்க நேரமில்லை. நேற்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. நேற்று இருந்தபடியே போட்டாயிற்று. மின்னலுக்கு மூச்சு வந்தது.

மேலாளர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருடைய கண் முதலில் கீபோர்டில் விழுந்தது. "பரவாயில்லையே. புதுசு மாதிரி பளபளன்னு வச்சிருக்கீங்க."

"முந்தாநாள் அழுக்கா இருந்துச்சு சார். பதினொண்ணாம் பட்டன்ல ஒரு புகார் தட்டி விட்டேன். இன்னைக்கு வந்து பாத்தா பளிச்சுன்னு இருக்கு. புகார் குடுத்தாத்தான் வேலை நடக்குது."

"நல்லது. இப்ப ஒருத்தர் வாரண்டி முடிஞ்ச மெஷினைச் சரிபண்ணித் தரச் சொல்றாரு. என்ன செய்வீங்க?"

"ஒரே தட்டு சார்" என்றார் மின்னல். குனிந்து, ஏழு என்பதை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டு, தட்டினார்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் வந்ததை மெதுவாக, வாய்விட்டு, முற்றுப்புள்ளி வரை படித்தார்.

"இதை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கீங்க?"

"ஒருத்தருக்குத்தான் சார்" என்றார் மின்னல்.

"இதுதான் அந்த வித்தையா?"

"கம்ப்யூட்டர் கோளாறு சார். காலையிலேர்ந்தே இப்படித்தான். நான் ஒண்ணு தட்டினா அது ஒண்ணு குடுக்குது."

மேலாளர் பக்கத்து மேசையைப் பார்த்தார். "நீங்க வாங்கம்மா."

அவள் வந்து உட்காரவில்லை, நின்றபடியே கையை நீட்டினாள். கண் திரையில் இருந்தது. ஏழு என்றார் மேலாளர். வாரண்டி வந்தது. இரண்டு என்றார். வருந்தியது. நாலு என்றார். நாளை ஆள் வருவார் என்றது. மேலாளர் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார் மேலாளர். "ஆடத் தெரியாதவங்களுக்குக் கூடம் கோணலாத்தான் தெரியும்."

பக்கத்து மேசைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. நல்ல கதவு. உள்ளே பேசுவது வெளியே கேட்கவில்லை.

பெரியவரிடமிருந்து பதில் வந்திருந்தது. மின்னல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைத் திறந்தார். "பட்டனை அழுத்தினேன். ஓடுகிறது. மிக்க நன்றி."

மேசையில் போன் அதிர்ந்தது. மனைவி. எடுக்கவில்லை. அது அதிர்ந்தபடியே ஓரத்துக்கு நகர்ந்து போய், விழாமல் நின்றது.

சாயங்காலம் ஆபீஸைச் சுத்தம் செய்யும் அம்மாள் வாளியோடு வந்தாள். எல்லார் மேசையையும் துடைத்துக்கொண்டு வந்தவள், மின்னலின் மேசைக்கு வந்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏன் சார், சின்னத் தூசிக்குப் போய் எங்க சூப்பர்வைசர்கிட்ட புகார் குடுத்துட்டீங்களே. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்த ரோஷத்துலதான் நேத்து நீங்க போனப்புறம் உங்க கீபோர்டுல ஒவ்வொரு பட்டனா கழட்டி, சோப்புத் தண்ணில அலசி, காயவெச்சு மாட்டினேன். இப்பவாவது திருப்தியா?"

மின்னல் தலையைத் தூக்கினார். "கழட்டினீங்களா?"

"பயப்படாதீங்க சார், பக்கத்து மேசைல பாத்துப் பாத்து ஒரு எழுத்து பிசகாம மாட்டிட்டேன். அந்த மேல் வரிசைல மட்டும் எல்லாம் ஒரே எழுத்தா இருந்துச்சு, சரி எது எங்க இருந்தா என்னன்னு கைக்கு வந்தபடி சொருகிட்டேன்."