எட்டாத முதுகு

குளியல் தொட்டிக்குள் நின்றபடி, விளக்குமாற்றுக் கம்பின் நுனியில் கட்டிய பெயிண்ட் ரோலரைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டு, லைல் பெக்மன் தன் முதுகைத் தேடிக்கொண்டிருந்தார். ரோலர் முதுகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. சுவர் நீலம். கூரை நீலம். தண்ணீர்க் குழாயும் நீலம். முதுகில் மட்டும் பிடரிக்குக் கீழே ஒரே ஒரு கோடு விழுந்திருந்தது, அதுவும் கோணலாக.

முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொப்பை முழுக்க நீலம், முகம் மஞ்சள், இரண்டு கன்னத்திலும் கறுப்பில் நீர்நாய் மீசை. வெஸ்டர்லிங் கல்லூரியின் நீர்நாய் அணி சொந்த மைதானத்தில் ஆடுகிற சனிக்கிழமைகளில் இதுதான் லைலின் உடுப்பு. அரைக்கால் சட்டை மரியாதைக்காக. அந்தக் கல்லூரியில் அவர் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. ஸ்கூல் பஸ்களுக்கு அடியில் படுத்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற மெக்கானிக். ஆனாலும் மைதானத்தின் முதல் வரிசையில் அவருடைய இடத்தில் கல்லூரி முதல்வரே வந்து உட்கார்ந்தாலும் பின்வரிசைக்காரர்கள் எழுப்பி விட்டுவிடுவார்கள்.

முதுகு என்பது விசித்திரமான சொத்து. பட்டா நம் பேரில் இருக்கும். அனுபவிப்பது எல்லாம் பின்னால் நிற்பவர்கள்.

இத்தனை வருஷமும் அந்தச் சொத்தைப் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி டோரீன். அவள் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. "தடித்தடிப் பசங்க ஒரு பந்துக்கு அடிச்சுக்கிறதைப் பாக்க டிக்கெட் வேறயா?" என்பாள். ஆனால் சனிக்கிழமை காலையில் கார் ஷெட்டில் பழைய பேப்பரை விரித்து, அவரை அதன்மேல் நிற்க வைத்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் பட்டைத் தூரிகையால் அடித்துவிடுவாள்.

"நெளியாத, லைல்."

"கூசுது."

"சுவத்துக்கு எங்கயாவது கூசுமா? நீ சுவரு. பேசாம நில்லு."

பிப்ரவரியில் டோரீன் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிய பிறகுதான் நோயைப் பற்றியே வாய் திறந்தாள். இலையுதிர் காலத்திலேயே அவளுக்குத் தெரியும் என்பதைப் பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் லைல் தெரிந்துகொண்டார்.

இன்று புது சீசனின் முதல் ஆட்டம். அவள் போனது மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வழியுமில்லை. அங்கே யாருடைய பேரும் யாருக்கும் தெரியாது. எல்லாரும் அவரை "நீலம்" என்று கூப்பிடுவார்கள். அவரும் தனக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்கு மனசுக்குள் பேர் வைத்திருந்தார். இடைவிடாமல் வேர்க்கடலை உரிப்பவர் கடலைக்காரர். வெயிலானாலும் குடையோடு வருகிறவர் குடையம்மா. அவர் பக்கத்தில் எப்போதும் தூங்கி வழிகிறவர் கொட்டாவி. ஆட்டம் முடிந்து வாசலைத் தாண்டினால் அவரவர் கார், அவரவர் வழி.

கடையிலும் சர்ச்சிலும் லைலைப் பார்க்கிற எல்லாரும் இப்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலை இறக்கி, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். மைதானத்தில் மட்டும்தான் அவர் இன்னும் பெண்டாட்டி கையால் முதுகுக்குச் சாயம் பூசிக்கொண்டு வருகிற மனிதர். உலகத்தில் டோரீன் உயிரோடு இருக்கிற ஒரே இடம் அது. வெறும் முதுகோடு போய் நின்றால் அதுவும் போய்விடும். போகாமலே இருந்துவிடலாம் என்றால், வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு துணையில்லை.

யாரையாவது கூப்பிட்டு, "கொஞ்சம் முதுகுக்குப் பூசிவிடுங்களேன்" என்று கேட்டால் முடிந்தது வேலை. ஆனால் கேட்பது என்பது லைலின் பரம்பரைக்கே ஆகாது. அவருடைய அப்பா வழி தவறினால் வழி கேட்க மாட்டார். அடுத்த மாநிலம் வரை போய்த் திரும்பி வருவார்.

ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு லைல் அடுத்த யோசனைக்குப் போனார். குளியலறையின் பிளாஸ்டிக் திரையைக் கழற்றி ஷெட் தரையில் விரித்தார். அதன்மேல் நீலத்தைத் தாராளமாக ஊற்றிப் பரப்பினார். பிறகு மல்லாந்து படுத்தார். சில்லென்றிருந்தது. யோசனை பிரமாதம்தான். உடனே எழுந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

படுத்தவரின் கண்ணில் சுவரோரத்து ஆணியில் தொங்கிய பட்டைத் தூரிகை பட்டது. போன நவம்பரில், சீசனின் கடைசி ஆட்டத்தன்று அதைப் பிடித்திருந்த கை மெதுவாகத்தான் ஓடியது. நீலம் காய்ந்ததும் டோரீன் சின்னத் தூரிகையையும் மஞ்சள் டப்பாவையும் எடுத்து வந்தாள்.

"இன்னும் என்ன?"

"ஓரம் சரி பண்றேன்."

"இவ்வளவு நேரமாவா?"

"உன் முதுகு என்ன சின்ன முதுகா? ஆடாம நில்லு."

அன்றைக்கு அணி கடைசி நிமிஷத்தில் தோற்றது. கடலைக்காரர் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த அணி தேறாது என்று மனிதருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது போலும் என்று லைல் நினைத்துக்கொண்டார். போகும்போது குடையம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் கண்டிப்பா வரணும்" என்றார். தோல்வி மனிதர்களை எப்படி இளக்கிவிடுகிறது! வீட்டு வாசலில் டோரீன் ஈரத்துண்டோடு காத்திருந்தாள். உள்ளே காலை வைக்கவிடாமல், முதல் வேலையாக முதுகைத் துடைத்துவிட்டாள்.

நினைவு கலைந்து எழுந்தபோது திரையும் கூடவே எழுந்தது. சாயம் காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. கிழட்டு ராஜா ஒருத்தர் சால்வையோடு சிம்மாசனத்தைத் தேடுவதுபோல் லைல் ஷெட்டுக்குள் சுற்றி வந்தார். கடைசியில் திரையின் ஒரு நுனியைக் கார்க் கதவில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். திரை கழன்றது. அதோடு முதுகிலிருந்த மயிரும் கழன்றது. ஷெட் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார். அங்கங்கே நீலத் திட்டு, அங்கங்கே சிவந்த தோல்.

"கழுவிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போதெல்லாம் வீட்டில் பேச்சு வார்த்தை அப்படித்தான் நடக்கிறது.

பெயிண்ட் டப்பாவோடு புழக்கடைக்கு வந்து, தோட்டக் குழாயைத் தோளுக்கு மேலே பிடித்துத் தண்ணீரைத் திறந்தார். குளிர் தாங்காமல் "ஆ... ஓ..." என்று கத்தினார்.

பக்கத்து வீட்டு ஐரிஸ் ஏப்ரலில்தான் பெருநகரத்திலிருந்து குடிவந்தவர். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். உடம்பெல்லாம் நீலம் பாரித்து, முகம் மஞ்சளாகி, ஒரு வயசான மனிதர் அலறிக்கொண்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் உள்ளே ஓடினார்.

லைல் சோப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரில் ஒருத்தி இளம்பெண். கூட வந்தவன் ஒரு குண்டு ஆசாமி.

"சார், மூச்சு விட முடியுதா?"

"நல்லா விடறேன்மா."

"உடம்பு ஏன் இப்படி நீலமா இருக்கு?"

"பெயிண்ட்டு."

"முகம் மஞ்சளா இருக்கே, காமாலையா?"

"அதுவும் பெயிண்ட்டுதான்."

"முதுகுல என்ன இது, செவந்து கெடக்கு?"

"அதுதாம்மா நெஜத் தோலு."

குண்டு ஆசாமி கன்னத்து மீசையை உற்றுப் பார்த்தான். அவர்கள் பக்கத்து மாவட்டத்து வண்டி. அங்கே எல்லாரும் எதிரணிக் கட்சி. "நீர்நாய் ரசிகரா? இதுக்கு நம்மகிட்ட மருந்து இல்ல. வா போலாம்" என்றான்.

"சும்மா இருங்க. கூப்பிட்டு வந்தா பாக்காம போகக்கூடாது" என்ற அந்தப் பெண் லைலைப் புல்தரையில் உட்கார வைத்து, நெஞ்சில் வட்ட வட்டமாக எதையோ ஒட்டி வயர்களை மாட்டினாள். பெட்டி கொஞ்ச நேரம் கீச்சிட்டது. "இதயம் நல்லா இருக்கு சார்" என்றாள். லைலுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒட்டியதைப் பிடுங்கியபோது அடியிலிருந்த நீலமும் சேர்ந்து வந்தது. தொப்பைக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். இப்போது முன்பக்கமும் போயிற்று.

"வீட்ல உங்ககூட யாரு இருக்காங்க, சார்?"

"சம்சாரம்."

"எங்க அவங்க?"

"கடைக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"கொஞ்சம் நேரமாகும்" என்றார்.

அந்தப் பெண் அவரைத் தூக்கிவிட முதுகில் கையைக் கொடுத்தாள். மாதக்கணக்கில் அந்த இடத்தில் ஒரு கை படவில்லை. சரியாக அந்த இடம்தான். ஒரு தூரிகையைக் கொடுத்தால் போதும். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது.

"அம்மாடி..."

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க."

வண்டி போனது. ஐரிஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மன்னிச்சுக்கங்க, நான் நெஜமாவே பயந்துட்டேன்" என்றார். லைல் பரவாயில்லை என்று கையாட்டிவிட்டுத் திரும்பினால், மூடாத தோட்டக் குழாய் பெயிண்ட் டப்பாவுக்குள் கிடந்தது. இருந்த நீலமெல்லாம் பொங்கி வழிந்து, வாய்க்கால் போல ஓடி, ஐரிஸின் ரோஜாச் செடிகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

அப்போதே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். போனார்; ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மைதானத்துக்குள் அவர் நுழைந்த விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதுகைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். சுவர் தீர்ந்த இடத்தில் தூண். தூணும் தீர்ந்த இடத்தில் சோளப்பொரி விற்கிற வண்டி.

டிக்கெட் கிழிப்பவன் சிரித்தான். "என்ன நீலம், பல்லி மாதிரி சுவத்தோட போறீங்க?"

"முதுகு வலிப்பா."

"உங்க வரிசை கீழல்ல?"

"இன்னைக்கு மேலேருந்து பாக்கலாம்னு இருக்கேன்."

மேலேயென்றால் கடைசி வரிசை. அதற்குப் பின்னால் சிமெண்டுச் சுவர் மட்டும். லைல் அதில் முதுகை ஒட்டி நின்றார். பேண்டு வாத்தியம் முழங்கியது. கீழே முதல் வரிசையில் அவருடைய இடம் காலியாக இருந்தது. இத்தனை தூரத்திலிருந்து அந்த இடத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தான் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. டோரீன் இல்லாத சமையலறையும் இப்படித்தான், காலையில் வெயில் வந்து விழுந்துகொண்டேயிருக்கிறது.

காலி இடத்துக்குப் பின்னால் கடலைக்காரர் எழுந்து நின்று நாலு பக்கமும் தேடினார். குடையம்மாவும் எழுந்தார். கொட்டாவிகூட முழித்துக்கொண்டிருந்தார். குடையம்மாவின் பார்வை படிப்படியாக மேலே ஏறியது. சட்டென்று குடையை நீட்டி லைலைக் காட்டினார்.

மூன்று பேரும் படியேற ஆரம்பித்தார்கள். ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! லைல் ஓட நினைத்தார். ஓடினால் முதுகு தெரிந்துவிடும்.

"இங்க என்ன பண்றீங்க?" குடையம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "உங்க இடம் அங்க காலியா கெடக்கு."

"இங்க காத்து நல்லா வருதும்மா."

"திரும்புங்க."

"எதுக்கு?"

"திரும்புங்கன்னா திரும்புங்க."

"இல்லம்மா, அவ வந்து... காலையிலயே கடைக்கு..." காலையில் சுலபமாக வந்த பொய் இப்போது வரவில்லை. மஞ்சள் கன்னத்தில் கறுப்பு மீசை கரைந்து இறங்கியது.

"தெரியும், நீலம்" என்றார் கடலைக்காரர். கடலைப் பைக்குள் கையை விட்டு ஒரு நீலப் பெயிண்ட் டப்பாவை எடுத்தார். குடையம்மா கைப்பையிலிருந்து இன்னொன்று. கொட்டாவியின் கோட்டுப் பையிலிருந்து மூன்றாவது. மூன்றும் மூன்று நீலம். ஒருத்தருக்கொருத்தர் கலந்து பேசாமல் வாங்கி வந்திருக்கிறார்கள்.

"உங்களுது வான நீலம். அது நம்ம நீலமே இல்ல" என்றார் கொட்டாவி.

"மொதல்ல கொண்டு வந்தது நானு. நான்தான் பூசுவேன்" என்றார் கடலைக்காரர்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க" என்று குடையம்மா கைப்பையிலிருந்து ஒரு புதுப் பட்டைத் தூரிகையை எடுத்து உறையைப் பிரித்தார்.

லைல் மெல்லத் திரும்பி, நெற்றியைச் சிமெண்டுச் சுவரில் வைத்துக்கொண்டார். முதுகைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. தூரிகை பட்டது. கூசியது.

"நெளியாதீங்க" என்றார் குடையம்மா.

சுவரைப் பார்த்தபடியே லைல் கேட்டார். "நான் யார்கிட்டயும் சொல்லலையே. என் பேருகூட உங்களுக்குத் தெரியாது. அவ போயிட்டான்னு எப்படிங்க தெரியும்?"

தூரிகை அப்படியே நின்றது. மூன்று பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடக் கடவுளே, அப்ப நீங்க அதைப் படிக்கவே இல்லையா?" என்றார் குடையம்மா. "போன வருஷம் கடைசி ஆட்டத்துக்கு உங்க முதுகு முழுக்க மஞ்சள்ல எழுதி அனுப்பியிருந்தாங்களே: 'அடுத்த சீசனுக்கு நான் இருக்க மாட்டேன். இவர் வாய் தெறந்து கேக்க மாட்டார். யாராவது முதுகுக்குப் பூசிவிடுங்க.'"