எரியாத களிம்பு

இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி தேங்காய்ப்பட்டணம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த ஒருவர் பதிலுக்குக் கும்பிட்டார். அண்டி ஆபீசிலிருந்து (முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) வேலையை விட்டு வந்த கைகள் அவை. அங்கே பெண்கள் கையில் எண்ணெய் பூசிக்கொண்டுதான் கொட்டை உடைப்பார்கள். இல்லையென்றால் தோட்டின் பால் தோலைப் பொசுக்கிவிடும். ஆம்பிளைக்கு எண்ணெய் எதற்கு என்று வெறுங்கையால் உடைத்தேன். விரலெல்லாம் கொப்புளமாகி, உடைந்து, புண்ணாகிவிட்டது. எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவனுக்குக் கைதான் சர்டிபிகேட். துறைமுகத்தில் வேலை கேட்குமுன் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா ஒரு களிம்பு பூசி, மீதியைக் கையில் தந்தார்.

"புண்ணுல கொஞ்சம் வீக்கம் வாறது நல்லதுதான். அது அடங்காமக் கிடந்தா புதுத் தோலு வளராது. இந்த மருந்து வீக்கத்த அடக்கும். வேற ஒண்ணும் போடண்டாம், கேட்டீங்களா?"

கேட்டேன். ஆனால் களிம்பு எரியவே இல்லை. எரியாத மருந்து வேலை செய்யாது என்பது என் அன்றைய மருத்துவ அறிவு. துறைமுக வாசலில் தலைவலித் தைலம் வாங்கி, களிம்பைத் துடைத்துவிட்டு, தாராளமாகத் தேய்த்தேன்.

ஓர் அலறல் கேட்டது. என்னுடையதுதான். கண்ணில் பட்ட ஐஸ் பெட்டிக்குள் முழங்கைவரை கைகளைச் செருகினேன். அது மீன் வியாபாரி செலீனா அக்காவின் நெய்மீன் பெட்டி.

"ஏலே, மீனுக்குள்ள என்னத்தலே தேடுக?"

காரணம் தெரிந்ததும் காலரைப் பிடித்து டாக்டரம்மாவிடமே இழுத்துப் போனார். டாக்டரம்மா திட்டவில்லை. தைலத்தைக் கழுவி, அதே களிம்பைப் பூசிக் கட்டுப்போட்டார்.

"எரியலியேன்னு விசனப்படண்டாம்" என்றார்.

சாயங்காலம் விரல் மடங்கியது. ரவுடிக் கூட்டத்தை லத்தி எடுக்காமலே கலைத்த போலீஸ்காரரைப் போல அந்தக் களிம்பு உள்ளே ஏதோ செய்திருந்தது. தோல் மூட நாள் பிடித்தது. களிம்பின் மேல் மரியாதை அன்றே வந்துவிட்டது.

"இனி எந்த வள்ளத்துல இந்தக் கைய வச்சு வேலைக்கு எடுப்பான்?" என்றேன்.

"கை கிடக்கட்டு மக்கா" என்றார் செலீனா அக்கா. "நீ விளிச்ச விளியில கடலுக்குப் போன வள்ளமே திரும்பிப் பாத்திருக்கும். நம்ம ஏலக்காரனுக்குத் தொண்டை கெட்டிட்டு. நாளைக்கு ஏலம் விளிக்க வாறியா?"

மறுநாள் காலை, இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டோடு சாளை மீன் குவியலின் முன் நின்று என் முதல் விலையைக் கூவினேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் ஐஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.